“எல்லாம் நார்மல்” என்ற ரிப்போர்ட்டும் 0.6 கிரியேட்டினினும்: ஒரு முதுமை நலிவு நிகழ்வு ஆய்வு

பின்னணி

76 வயதுப் பெண். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதன் பின் வந்த ரத்த அழுத்தம். மகளோடு வசிக்கிறார். எங்கள் முதியோர் நலப் பிரிவுக்கு அழைத்து வந்ததும் மகள்தான். வந்த காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: “அம்மா ரொம்ப மெதுவாயிட்டாங்க டாக்டர், ஆனா ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்தான்.”

அம்மாவிடம் கேட்டபோது வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, காய்ச்சல் இல்லை என்றார். “நடக்கணும்னு நினைக்கிறேன், கால் கேக்க மாட்டேங்குது” என்றார். கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கீழே விழவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

எடுத்துக்கொண்டிருந்த மருந்துகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலை மாலை 1000 மி.கி., கிளிமெபிரைடு 2 மி.கி.; ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு; வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். கடைசியாகச் சொன்ன மாத்திரையை யார், எப்போது, எதற்கு ஆரம்பித்தார்கள் என்பது குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. முதியவர்களின் மருந்துச் சீட்டில் இப்படி ஒரு மாத்திரையாவது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும்.

கோப்பில் இருந்தது

மகள் ஒழுங்கானவர். நான்கு ஆண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில், தேதி வாரியாக வைத்திருந்தார். எல்லாமே ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுத்தவை. அது இந்த ஆய்வுக்குக் கிடைத்த பெரிய வசதி. கூடத்துக்குக் கூடம் முறையும் கருவியும் மாறும்போது சிறிய வித்தியாசங்களுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனியாகப் பார்த்தால் மகள் சொன்னது ஏறக்குறைய சரி. கடைசி ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி விழுந்தவை இரண்டு மட்டும். ஹீமோகுளோபின் 11.7, சோடியம் 132. முதலாவதற்கு “வயசுக்கு இது சகஜம்” என்றும், இரண்டாவதற்கு “கொஞ்சம்தான் குறைவு” என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். அப்போது வேறு படம் தெரிந்தது. ரத்தப் புரதமான அல்புமின் 4.3, 4.1, 3.8, 3.5. ஹீமோகுளோபின் 12.9-இல் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு சரிந்து 11.7. சோடியம் 139-இலிருந்து 132. அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரண்டு முறைதான் பார்க்கப்பட்டிருந்தது: முதலில் லிட்டருக்கு 7 மி.கி., இரண்டு ஆண்டு கழித்து 9. அப்புறம், குடும்பத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்ட இரண்டு எண்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 சதவீதம். சிறுநீரகத் திறனைக் கணிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் 0.9, 0.8, 0.7, 0.6. “கிட்னி வருஷா வருஷம் நல்லா ஆகிட்டு வருது” என்று மகனும் போனில் சொன்னார்.

76 வயதில் சிறுநீரகம் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுவதில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் உற்பத்தி குறையும், ரத்தத்தில் அதன் அளவும் குறையும். இந்தக் கோப்பிலேயே மிகவும் கவலை தந்த வரிசை இதுதான். ஆனால் கூடத்தின் இயல்பு வரம்பு 0.5-இல் தொடங்கியதால் அதற்கு எந்தக் குறியும் விழவில்லை.

எடை கோப்பில் இல்லை. பழைய மருந்துச் சீட்டுகளின் ஓரத்தில் தேடி எடுத்தோம். ஒரு வருடத்துக்கு முன் 54 கிலோ, இப்போது 50. சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று யாரும் முயலாமலே ஏழு சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது.

உடலை அளந்தபோது

லின்டா ஃப்ரீடும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட நலிவு வரையறையில் ஐந்து அம்சங்கள் உண்டு: தானாக எடை குறைவது, களைப்பு, பிடி வலிமைக் குறைவு, மெதுவான நடை, குறைந்த உடல் இயக்கம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவுக்கு முந்தைய நிலை. இதில் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொன்னோம்.

பிடி வலிமை, இரண்டு கைகளிலும் கிடைத்த அதிகபட்சம், 13 கிலோ. பெண்களுக்கு, முதுமைத் தசை இழப்பு பற்றிய ஐரோப்பியப் பணிக்குழுவின் 2019 வரம்பு 16, அதே ஆண்டின் ஆசிய வரம்பு 18. எந்தக் கணக்கில் பார்த்தாலும் குறைவு. நடை வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர். கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னோம். இரண்டோடு உட்கார்ந்துவிட்டார். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதைச் செய்யவும் பெரும்பாடாக இருக்கிறது என்றார். ஐந்தில் நான்கு. உடல் இயக்கத்தைப் பற்றிய தகவல் மட்டும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

படுத்திருந்தபோது ரத்த அழுத்தம் 138/76. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 112/70. கால் விரல்களில் அதிர்வு உணர்வு மங்கியிருந்தது. நினைவாற்றல் சோதனையும் மனச்சோர்வுக் கேள்விகளும் பெரிதாக எதையும் காட்டவில்லை.

எதைப் பரிசோதித்தோம், எதை விட்டோம்

இந்தக் கட்டத்தில் மகன் ஒரு கோரிக்கை வைத்தார். உடலின் ‘உண்மையான வயதை’ச் சொல்லும் விரிவான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றைப் பற்றிப் படித்திருந்தார். அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, பல ஹார்மோன்கள் என்று பட்டியல் நீளமாக இருந்தது. அம்மாவுக்கு அதை எடுக்கலாமா?

கேள்வியில் தவறில்லை. நலிவடைந்த முதியவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் இன்டர்லூக்கின்-6, சிஆர்பி போன்ற அழற்சிக் குறிகள் சராசரியில் உயர்ந்தும், ஹீமோகுளோபின், அல்புமின், வைட்டமின் டி ஆகியவை சராசரியில் குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயதோடு வரும் இந்த மெல்லிய, நீடித்த அழற்சியைக் குறிக்க 2000-இல் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் சக ஆய்வாளர்களும் ‘இன்ஃப்ளமேஜிங்’ (வயதின் அழற்சி) என்று தனிப் பெயரே வைத்தார்கள். ஆனால் கூட்டத்தின் சராசரி வேறு, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேறு. நலிவு இருக்கிறது என்பது 13 கிலோவிலும் 0.6 மீட்டரிலும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இன்டர்லூக்கின்-6 எவ்வளவு வந்தாலும் அடுத்து செய்யப்போவது மாறாது. அதனால் வேண்டாம் என்றோம். ரத்தத்திடம் எங்களுக்கு இருந்த கேள்வி வேறு: இந்த நலிவில் திருத்தக்கூடிய பங்கு எது?

அந்தக் கேள்விக்கு உதவும் சோதனைகளை மட்டும் எடுத்தோம்.

பி12 மில்லிலிட்டருக்கு 168 பிகோகிராம், தெளிவாகக் குறைவு. மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் நீண்ட காலம் சேர்ந்து ஓடியதற்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வைட்டமின் டி 14 நானோகிராம், அதுவும் குறைவு. இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 140. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 22 சதவீதம் என்று வந்த பிறகே இரும்புச்சத்து மாத்திரை தேவையில்லை என்று முடிவு செய்தோம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 5.8, லேசான உயர்வு; தைராய்டு ஹார்மோன் இயல்பு.

சிறுநீரகத் திறனைக் கணிக்க உதவும் இன்னொரு பொருளான சிஸ்டாட்டின் சி லிட்டருக்கு 1.35 மி.கி. இது தசையிலிருந்து மட்டும் வருவதல்ல. உட்கரு உள்ள எல்லாச் செல்களும் உற்பத்தி செய்வது. அதனால் தசை இளைத்தவர்களிடம் கிரியேட்டினினைவிட நம்பகமானது. கணக்குப் போட்டால் கிரியேட்டினின் வழியாகச் சிறுநீரக வடிகட்டும் திறன் 93, சிஸ்டாட்டின் சி வழியாக 46. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஊசியில் எடுத்த ரத்தம்.

46-ஐ அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அழற்சி சிஸ்டாட்டின் சி-யைக் கொஞ்சம் உயர்த்தும். இரண்டையும் சேர்த்துப் போடும் சமன்பாடு 66 என்றது. உண்மை 46-க்கும் 66-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். மருந்தளவை முடிவு செய்ய 93-ஐ இனி பயன்படுத்தக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு வாரம் வீட்டில் சர்க்கரையைப் பல நேரங்களில் குத்திப் பார்க்கச் சொன்னோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நாள் 62, 66 என்று வந்தது. மகள் சொன்ன ‘பதினொரு மணிக்கு மேல அம்மா பேசவே மாட்டாங்க’ என்பதற்கு விளக்கம் கிடைத்தது. எல்லோரும் பாராட்டிய 6.3 சதவீதத்தின் ஒரு பகுதி தாழ்சர்க்கரையால் வந்தது.

எடை இழப்புக்காக வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, மலத்தில் ரத்தம் ஆகியவற்றையும் பார்த்தோம். அவற்றில் ஒன்றும் இல்லை.

அழற்சி எங்கிருந்து?

சிஆர்பி மறுபடியும் 9. சிஆர்பி சட்டென ஏறி இறங்கும். தூண்டல் நின்றால் அதன் அளவு சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்தும் இறங்கவில்லை என்றால் உள்ளே ஏதோ தொடர்ந்து எரிந்துகொண்டிருக்க வேண்டும். ‘வயதின் அழற்சி’ என்று பெயர் வைத்து மூடிவிட எளிதாக இருந்தது. அந்தப் பெயரை, தேடி முடித்து ஒன்றும் கிடைக்காதபோது மட்டுமே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சிறுநீர். கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர்ப் பழக்கத்தில் மாற்றம் இல்லை. வயதான பெண்களிடம் அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் நன்மை இல்லை. கொடுக்கவில்லை. குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை, ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரே அச்சாகியிருந்ததே!

மூட்டு, தோல், பாதம் எல்லாம் பார்த்தாயிற்று. பதில் வாயில் இருந்தது. பேச்சுவாக்கில் மகள், “இப்பல்லாம் கெட்டியா எதுவும் சாப்பிட மாட்டாங்க, குழைவா இருந்தாதான்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் ஈறு முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. பின்வரிசையில் இரண்டு பல் வேர்களில் சீழ். வலி இல்லையா என்று கேட்டதற்கு, பழகிவிட்டது என்றார்.

இரண்டு கோடுகள் இங்கே ஒன்றுசேர்ந்தன. ஈறு நோய் அழற்சியைத் தந்தது, மெல்ல முடியாததால் புரதம் குறைந்தது. அல்புமின் சரிந்ததை எல்லோரும் ‘சாப்பாடு பத்தலை’ என்று படிப்பார்கள். அழற்சியில் கல்லீரல் அல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அல்புமின் ஊட்டத்தின் அளவுகோலாக மட்டும் இருப்பதில்லை. இவரிடம் இரண்டும் சேர்ந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் எடுக்க வேண்டியதை எடுத்தோம், பிறகுதான் சேர்ப்பது.

கிளிமெபிரைடை அன்றே நிறுத்தினோம். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் அதன் வேலை நீண்டு சர்க்கரையைத் தாழ்த்தும். மெட்ஃபார்மினைப் பாதியாக்கினோம். மூன்று மாதச் சராசரிக்கு 8-க்குக் கீழ் என்ற இலக்கு வைத்தோம். நலிவுற்ற முதியவர்களுக்கு இறுக்கமான கட்டுப்பாட்டின் பலனைவிடத் தாழ்சர்க்கரையின் கேடு பெரிது. தயசைடை நிறுத்தினோம். சோடியம் குறைந்ததற்கும், நின்றால் அழுத்தம் விழுவதற்கும் அது ஒரு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பான்டோபிரசோலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

பி12 முதலில் ஊசியாக, பிறகு தினசரி மாத்திரையாக. பாத நரம்பில் மாற்றம் இருந்ததால் ஊசியில் தொடங்கினோம். வைட்டமின் டி தினமும் 1000 யூனிட். பெரிய அளவை ஒரே தடவையில் கொடுத்துவிடலாமே என்று மகன் கேட்டார். 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. எண்ணை வேகமாக ஏற்றுவது ஆளுக்கு நல்லதென்று அர்த்தமில்லை.

டிஎஸ்எச் 5.8-க்கு மருந்து தரவில்லை. இந்த அளவு லேசான உயர்வுக்கு 65 வயது கடந்தவர்களிடம் தைராக்ஸின் கொடுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் களைப்போ பிற அறிகுறிகளோ குறையவில்லை.

புரதத்தில்தான் தயங்கினோம். நலிவுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் வரை தேவை. சிறுநீரகம் 46 என்றால் யோசிக்க வேண்டும். சிறுநீரில் அல்புமின் கசிவு இல்லை, திறனும் 30-க்கு நன்றாகவே மேலே. எனவே கிலோவுக்கு 1.1 கிராம், அதாவது நாளைக்கு 55 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து என்று தீர்மானித்தோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக உடற்பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் மூன்று நாள்: நாற்காலியிலிருந்து எழுவது, கணுக்காலில் எடை கட்டித் தூக்குவது, சமநிலைப் பயிற்சி, நடை. 70 முதல் 89 வயது வரை 1,635 பேரை வைத்து நடந்து 2014-இல் முடிவு வெளியான லைஃப் ஆய்வில், முறையான பயிற்சி நடமாட்ட இழப்பைக் குறைத்தது. ரத்தக் குறி எதையும் திருத்துவதற்கு இவ்வளவு வலுவான ஆதாரம் எங்களிடம் இல்லை. பல் மருத்துவர் இரண்டு வேர்களையும் எடுத்து ஈறு சிகிச்சை செய்தார்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் பயிற்சிக்கு வர அவருக்கு மனமே இல்லை. சர்க்கரை இறங்குவது நின்ற பிறகு காலை நேரத்தில் தெளிவு வந்தது, அதன் பிறகே வரத் தொடங்கினார்.

மூன்று மாத முடிவில் எடை 51.5. பிடி 14.5 கிலோ. நடை 0.75. ஐந்து முறை எழுவதை 19 விநாடியில் முடித்தார். சோடியம் 137, ஹீமோகுளோபின் 12.2, அல்புமின் 3.8, சிஆர்பி 3. பல் சிகிச்சையால்தான் சிஆர்பி இறங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதே காலத்தில் பலதும் மாறின. ஆனால் சிகிச்சைக்கு முன்னால் ஒரு தடவையும் அது 7-க்குக் கீழே போனதில்லை.

குடும்பத்தைப் பதற வைத்தவை வேறு இரண்டு. மூன்று மாதச் சராசரி 6.3-இலிருந்து 7.4 ஆகியிருந்தது. கிரியேட்டினின் 0.6-இலிருந்து 0.7. “கிட்னி கெட ஆரம்பிச்சிடுச்சா? புரதத்தால்தானே?” என்று மகன் கேட்டார். சிஸ்டாட்டின் சி 1.35-இலிருந்து 1.25-க்கு இறங்கியிருப்பதைக் காட்டினோம். கிரியேட்டினினில் ஏறிய 0.1 என்பது பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் வரும். அதைத் தசை திரும்பியதன் சான்று என்று கொண்டாடவும் இல்லை. பிடியும் எடையும் சேர்ந்து ஏறியதால் அந்தத் திசையில் இருக்கலாம் என்றோம், அவ்வளவுதான்.

ஏழாவது மாதம்

நிமோனியாவால் வேறொரு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். சிஆர்பி 94, அல்புமின் 2.8. அல்புமின் ஏற்றலாமா என்று குடும்பம் எங்களிடம் போனில் கேட்டது. கடும் தொற்றில் அல்புமின் சில நாட்களிலேயே இப்படி விழும்; தொற்று அடங்கினால் மெல்லத் திரும்பும்; பாட்டிலில் ஏற்றுவதால் தசை வராது என்று விளக்கினோம். அங்கிருந்த மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். தினமும் இரண்டு வேளையாவது படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்து, முடிந்தால் நடக்க வைக்கும்படி மகளிடம் சொன்னோம். செய்தார்.

வீடு திரும்பியபோது நடை 0.55. மூன்று மாத உழைப்பு ஒரு வாரத்தில் போய், முதல் நாளைவிடக் கீழே. அவரே சொன்னார், “திரும்ப ஆரம்பத்துல இருந்தா?” ஆமாம், ஆனால் இந்த முறை தாழ்சர்க்கரையும் பி12 குறையும் சீழ் பிடித்த பல்லும் இல்லாமல். பத்து வாரத்தில் 0.7-க்கு வந்தார்.

ஓராண்டு முடிவில் எடை 52, பிடி 15, நடை 0.72. ஃப்ரீட் அளவுகோலில் நான்கு இருந்தது இப்போது இரண்டு: பிடி, நடை. நலிவுக்கு முந்தைய நிலை. சிஆர்பி 4. வைட்டமின் டி 29. கம்பு வைத்துக்கொண்டு தனியாக வெளியே போய் வருகிறார். நலிவு வருவதற்கு முன் கம்பு தேவைப்பட்டதில்லை.

நாங்கள் மாற்றியவை

சிஸ்டாட்டின் சி எல்லோருக்கும் தேவையில்லை. கிரியேட்டினின் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் முதியவருக்கும், மெலிந்த உடலில் 0.6-க்கு அருகே இருப்பவருக்கும் முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம், மருந்தளவைத் தொடுவதற்கு முன்னால்.

வாய்ப் பரிசோதனை இந்த நிகழ்வில் சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகே நடந்தது. இப்போது எடை பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடுகிறோம். டார்ச் போதும்.

ரிப்போர்ட்டுகளைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒரே தாளில் கிரியேட்டினின், அல்புமின், ஹீமோகுளோபின், சோடியம், சிஆர்பி ஆகிய ஐந்தையும் ஆண்டு வாரியாக எழுதி, அதற்குக் கீழே எடை, பிடி, நடை வேகத்தை எழுதுகிறோம். காய்ச்சலோ தொற்றோ இருந்த வாரத்தில் எடுத்த சிஆர்பி, அல்புமின், ஃபெரிட்டின் எண்களை வட்டமிட்டு ஒதுக்கி வைக்கிறோம். தாளின் நகல் ஒன்று குடும்பத்திடம் இருக்கும். இவருடைய தாளில் ஏழாவது மாதத்து 94-ம் 2.8-ம் அப்படி வட்டத்துக்குள் இருக்கின்றன.

மூன்று மாத இடைவெளியில் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பதை நிறுத்திவிட்டோம். இவருக்கு நடையும் பிடியும் எடையும் ஒவ்வொரு முறையும். ரத்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது அந்த மூன்றில் ஏதாவது ஒன்று சரிந்தால்.